கோனில் விழுந்த சந்தனப் பொட்டு

வலது ஸ்பீக்கரின் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். அதன்மேல் குங்குமம். சந்தனத்தின் ஈரம் கறுப்புக் காகிதத்துக்குள் இறங்கி, பொட்டைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் கட்டியிருந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தவன், துண்டு தலையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன். சாம்பிராணிப் புகை ஹால் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. சுண்டலுக்குத் தாளித்த வாசனை அடுக்களையிலிருந்து வந்தது. அத்தனை மங்களத்துக்கும் நடுவில் என் ஸ்பீக்கர் பொட்டு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

ஸ்பீக்கருக்குள் முன்னும் பின்னும் அசைந்து ஒலியை உண்டாக்கும் காகிதக் கிண்ணத்துக்குக் கோன் என்று பெயர். அதன் எடை இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்கு மேல் வராது. அதில் ஒரு விரல் சந்தனம் ஏறினால், அந்தக் கோன் பழைய கோனாக இருக்காது. இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் பாடும். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஜோடியைக் கேட்டுப் பார்க்க ஒருவர் வரவிருந்தார்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கோபம் நன்றாகப் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போகும், புத்தி பின்னால் நடந்து வரும்.

“ஏட்டி கோமதி, இதுல யாரு சந்தனத்த அப்பினது?”

என் மனைவி கோமதி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “நான்தான். ஏன்?”

“ஏன்னா கேக்க? உனக்கு அறிவு இருக்கா? இம்புட்டு நாளா இந்தப் பெட்டிப் பக்கமே நீ வந்ததில்ல. இன்னைக்குப் பாத்து எதுக்குத் தொட்ட?”

அவள் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தம் போடுகிறவர்களை ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கம்.

“சோறு போடுத சாமானுக்குத்தான ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பாங்க. அதான் வச்சேன்” என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

## கோபுரத்திலிருந்து இறங்கிய கதை

அந்தப் பதில் ஏன் என்னைக் குத்தியது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளில் பதினெட்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஆடிக்காற்றில் கோபுரத்துக்குள் ஏணி ஏறி, உச்சியில் கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பது என் வேலை. திறப்பதற்கு முன்னாலேயே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காது அப்படியே இருந்தது, முழங்கால்தான் போய்விட்டது. டாக்டர் இனி ஏணியே கூடாது என்றார். நாற்பத்தைந்து வயதில் பாளையங்கோட்டை வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

சும்மா இருக்க முடியாமல் எனக்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்தேன். அது கேவலமாகப் பாடியது. இரண்டாவது ஜோடி கொஞ்சம் தேவலை. நான்காவது ஜோடியில் வீணைக் கம்பியில் விரல் உரசும் சத்தம் கேட்டபோது, இதைத்தான் இனி செய்ய வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

கோமதிக்கு அதில் சந்தோஷம் இல்லை. இட்லி மாவில் மரத்தூள் விழுந்தால் யாருக்குச் சந்தோஷம் இருக்கும்? பின் வராந்தா முழுக்கப் பலகை. துணி காயப்போடும் கொடியில் பாலிஷ் துணிகள். யாராவது வீட்டுக்கு வந்து “சார் என்ன செய்யுதாக?” என்று கேட்டால், “வீட்டுல இருக்காக” என்பாள். பொய்யில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவளுடைய அண்ணன் சென்னையில் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி வைத்திருக்கிறார். என்னை மேற்பார்வைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். “மாப்ளே, ஏணி கெடையாது வே. எல்லாமே லிஃப்டுதான். வந்து உக்காந்தாப் போதும்” என்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் கோமதியின் வேலை இங்கே. நான் மட்டும் அங்கே ஒரு அறையில் தங்கி, மாதம் ஒருமுறை ரயிலில் வந்து போக வேண்டும். திரும்ப ஸ்பீக்கர் செய்ய வராந்தாவும் இருக்காது, நேரமும் இருக்காது.

ஆனி மாதத்தில் ஒருநாள் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. தீபாவளிக்குள், சொந்தமோ சிநேகிதமோ இல்லாத ஒருவர், தன் காதால் கேட்டு ஒரு ஜோடி வாங்க வேண்டும். வாங்கினால் நான் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் தீபாவளி முடிந்ததும் சென்னை ரயில். ஒப்பந்தத்தைச் சொன்னது அவள், சரி என்றது நான். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லாதபோதுதான் அந்தப் பொட்டு விழுந்தது. அதுவரை ஒரு பைசாகூடக் கொண்டுவராத பெட்டியைத்தான் அவள் சோறு போடுகிற சாமான் என்றாள்.

## முகத்தை மூடியிருந்த இடது

அந்த ஒருவர் கிடைத்தது தற்செயலாக. என்னோடு காற்றாலையில் வேலை பார்த்தவரின் மனைவி வள்ளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் சொல்லி அங்கிருக்கும் பிரசவ டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டிய குரல். பேச்சு சுருக்கம்.

“விஜயதசமி அன்னைக்கு வாரேன் தம்பி. நல்ல நாளு. புடிச்சிருந்தா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் எனக்கு நேரம் கெடைக்காது.”

பெட்டிகள் தயாராகத்தான் இருந்தன. தடித்த ஒட்டுப்பலகையில் கூடு, மேலே தேக்கின் மெல்லிய தோல். அதற்கு நான் அரக்குப் பாலிஷ்தான் போடுவேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். நாற்பது கை, ஐம்பது கை. கை ஓரிடத்தில் நின்றால் அங்கே தழும்பு விழும். அதனால் பாலிஷ் போடும்போது யார் மணியடித்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். கேஸ் சிலிண்டர்காரர் இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார். வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு வேறு அத்தியாயம்.

அரக்குக்கு ஒரு கெட்ட குணம். ஈரக்காற்று பட்டால் வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி பிறக்கும் முன்னே மழை முந்திக்கொள்ள, ஆற்றுப் பக்கத்து ஈரமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இடது பெட்டியின் தலையில் கைக்குட்டை அகலத்துக்கு வெள்ளை. அதை மறுபடி தேய்ப்பதற்காகக் கோன் இருக்கும் முகத்தில் செய்தித்தாளை ஒட்டி, முதல்நாள் ஒரு சுற்றுத் தேய்த்து, பின் வராந்தாவில் வைத்திருந்தேன்.

அதனால்தான் கோமதியின் விரல் வலது பெட்டியோடு நின்றுவிட்டது. இரண்டிலும் வைத்திருந்தால்கூட இத்தனை கலவரம் இல்லை.

## பூசையில் வைத்த சாமான்

ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று போனேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்ட அழிக்காதீங்க.”

அவளுக்காக நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், ஈரத்துணி பட்டால் காகிதம் ஊறிக் குங்குமம் முழுக்கப் பரவும் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. புதுக் கோன் வரவழைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும்.

சரி, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்தாவது பார்ப்போம் என்று மைக்கைத் தேடினேன். பூஜை அறையில் வரிசையாக இருந்தது எல்லாம். இழைப்புளி, துளை போடும் மெஷின், பற்றவைக்கும் கம்பி, அளக்கும் மைக், லேப்டாப், ஆம்ப்ளிஃபயர். பக்கத்தில் அவளுடைய கணக்குப் புத்தகங்களும் சிவப்புப் பேனாவும். எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு. பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடிந்துதான் எடுக்கலாம். எங்கள் வீட்டில் அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. படிக்கிற காலத்தில் எனக்கு வருடத்திலேயே பிடித்த நாள் அதுதான்.

என் கையில் இருந்தது இரண்டு காதும் ஒரு விரலும். இடது பெட்டியைத் தூக்கிவந்து வலதின் பக்கத்தில் வைத்தேன். செய்தித்தாளைப் பைய உரித்தேன். விரல் நுனியால் கோன்களின் நடுவில் மெல்லத் தட்டினேன். இடது “தம்” என்றது. வலது “தொம்” என்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே வித்தியாசம். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை, ஆனால் வரும் இடம் வரைக்கும் போய்விட்டேன். சென்னையில் அந்த அறை எப்படி இருக்கும், ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசனை ஓடியது.

கோமதி காப்பி கொண்டுவந்தாள். காலையில் நான் பேசிய பேச்சுக்குக் காப்பி வந்ததே பெரிது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தடவ தட்டுங்க” என்றாள். தட்டினேன். இரண்டையும் கேட்டாள்.

“கச்சேரியில மிருதங்கக்காரரு எடது பக்கத் தொப்பியில ரவைய அப்புதாருல்லா, அது எதுக்கு?”

“கனம் கூடினா சத்தம் தாழும். அதுக்குத்தான்.”

“அப்ப ஒண்ணுல கனம் ஏறிப்போச்சுன்னா மத்ததுலயும் அம்புட்டே ஏத்திர வேண்டியதுதான? எடுக்க முடியாட்டா சமமாக்கணும்.”

கணக்கு டீச்சர். நான் எத்தனையோ இரவல் புத்தகங்களில் கோனின் எடையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

“எவ்வளவு வச்சேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

“என் வெரலுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தாள்.

மோதிர விரலால் தொட்டு, இடது கோனின் நடுவில் வைத்தாள். அவள் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உடனே தட்டினால் ஈரக் கனம் ஏமாற்றிவிடும். மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காத்திருந்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் இரண்டு பெட்டிகள். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் வேறு வேலையில்லாமல் ஒரே இடத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்கும்.

“காலையில பேசினது தப்பு” என்றேன்.

“ம். காஞ்சிருச்சான்னு பாருங்க.”

தட்டினேன். இன்னும் “தம்” பக்கம்தான் இருந்தது. குங்குமம் வைத்தாள். கொஞ்சம் இறங்கியது. ஓரத்தில் அரை விரல் சந்தனம். மறுபடி காத்திருப்பு.

அப்போது தெருவில் கொட்டுச் சத்தம் வந்தது. குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள், வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருகிற கூட்டம். காளி வேடம் ஒன்று, குரங்கு வேடம் ஒன்று, பின்னால் மூன்று நான்கு மேளம். எங்கள் வீட்டு வாசலில் நின்று அடித்தார்கள். கோமதி காணிக்கை எடுக்க எழுந்தவள், எதற்கோ விரலை வலது கோனின் ஓரத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

“ஏங்க, இது துடிக்குது.”

“வெளிய அடிக்கிற அடிக்கு ஆடுது. சத்தம் எங்கன இருந்து வந்தாலும் அது ஆடும்.”

“கரண்டே குடுக்கலியே?”

“அது காகிதம். அதுக்கு அம்புட்டுப் போதும்.”

அவள் மெதுவாகச் சிரித்தாள். காணிக்கைத் தட்டை என்னிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கோனிலும் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளி வேடக்காரர் எனக்குத் திருநீறு பூசிவிட்டார். நான் திரும்பி உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் முன் இரண்டும் “தொம்” என்றன. என் காதுக்கு அப்படித் தோன்றியது. அவள் காதுக்கும் அப்படித்தான் என்றாள். ஆனால் அவள் எனக்காகச் சொல்லியிருக்கலாம்.

## இரட்டைக் குழந்தை

விஜயதசமி விடிந்ததும், மறுபூசை செய்து கற்பூரம் அணைவதற்குள் மைக்கை எடுத்துவிட்டேன். பிள்ளையார் மன்னிக்கட்டும். லேப்டாப் திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. இடது மட்டும் துளி கனம். கோமதி நகத்தால் குங்குமத்தில் கொஞ்சம் சுரண்டினாள். “இப்ப?” மறுபடி அளந்தேன். சரியாக இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். பெண் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் இந்த ஜோடியில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. இரண்டு மாதமாக என்னைப் படுத்திய எரிச்சல். அது கொஞ்சம் தணிந்திருந்தது. சந்தனத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு ஸ்பீக்கரில் சந்தனம் பூசிப் பார்க்க வேண்டாம், எனக்குக் கடிதம் எழுதித் திட்டவும் வேண்டாம்.

டாக்டரம்மா பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். பருத்திப் புடவை, கையில் ஒரு பென் டிரைவ். செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் அவர் பார்வை நேராகப் பொட்டுக்குத்தான் போனது.

மறைப்பதில் அர்த்தமில்லை. நடந்ததைச் சொன்னேன். “புதுக் கோன் வரச் சொல்லியிருக்கேம்மா. பத்து நாள்ல உங்க வீட்டுக்கே வந்து மாத்தித் தந்துருதேன்.”

“யாரு வச்சது?”

“நான்தான்” என்றாள் கோமதி, அடுக்களை வாசலில் நின்றபடி.

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். பென் டிரைவை வாங்கிப் போட்டேன். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் யாரோ பதிந்த நாகசுரம். கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். தவில் இறங்கிய இடத்தில் அவர் புருவம் மட்டும் அசைந்தது. ஏழெட்டு நிமிடம் அப்படியே ஓடியது. காற்றாலை உச்சியில் பெல்ட் இல்லாமல் நின்றால்கூட அத்தனை பயந்திருக்க மாட்டேன்.

“இடது மட்டும் போடுங்க.”

போட்டேன்.

“வலது மட்டும்.”

போட்டேன்.

“இப்ப ரெண்டும்.”

கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார். “வயித்துல ரெட்டப் புள்ளைன்னா இப்படித்தான் கேப்பேன் தம்பி. ஒண்ணு பலமாவும் ஒண்ணு சோணியாவும் இருக்கான்னு. முப்பது வருசமா அதுதான் என் வேலை. இது ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.”

ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்தேன்.

“கோன மாத்தினா இதே சத்தம் வருமா?”

“இதேதான் வரும்னு சொல்ல முடியாதும்மா.”

“அப்ப எதுக்கு மாத்தணும்? இருக்கட்டும்.” எழுந்து இடது பெட்டியின் தலையைத் தடவினார். வெள்ளை முழுக்கப் போகவில்லை, ஓரத்தில் நிழல்போல நின்றது. “இது என்ன?”

“மழை ஈரம். தை மாசம் வெயில் வந்ததும் வந்து தேய்ச்சுத் தாரேன்.”

“மறக்கக் கூடாது. நான் விட மாட்டேன்” என்றவர், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார்.

இரண்டு பெட்டிகளையும் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்தோம். கோமதி கொஞ்சம் யோசித்து, இரண்டுக்கும் சீட் பெல்ட் மாட்டிவிட்டாள். கார் முனை திரும்பும்வரை நின்றோம். உள்ளே வந்தால் ஹால் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது.

ஃபோன் அடித்தது. அவளுடைய அண்ணன், சென்னையிலிருந்து, விஜயதசமி வாழ்த்து சொல்ல. கோமதிதான் எடுத்தாள். விசாரிப்பெல்லாம் முடிந்து, என்னைப் பற்றிய பேச்சு வந்ததென்று அவள் முகத்திலேயே தெரிந்தது. தீபாவளி கழித்து நான் எந்த ரயிலில் வருகிறேன் என்று கேட்டிருப்பார்.

“இல்லண்ணே, அவுக வரல” என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகப் பேசினார். கோமதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே, ஹாலில் காலியாகிவிட்ட இடத்தைப் பார்த்தாள்.

“அவுகளுக்கு இங்கன வேலை நெறைய கெடக்குண்ணே. அடுத்த ஜோடிக்கு நாளைக்கே பலகை எடுக்கணும்னு சொல்லிட்டு இருக்காக.”

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.